ஒவ்வாமையில் எதிர்ப்பொருளின் பங்கு: திருச்செங்கோட்டு விசைத்தறிச் சூழலை முன்வைத்து

திருச்செங்கோட்டு வட்டாரத்தில் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியால் வரும் இருமலும், மீன் உண்டபின் தோலில் எழும் தடிப்பும் 'உடம்புக்குச் சேரவில்லை' என்ற ஒரே தொடரால் சுட்டப்படுகின்றன. மக்கள் வழக்கின் இப்பொதுமை பிழையன்று. 1906இல் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கிய 'அலர்ஜி' என்ற சொல்லும் தொடக்கத்தில் இத்தகைய விரிந்த பொருளையே கொண்டிருந்தது. எனினும் இவற்றுள் எதிர்ப்பொருளால் நிகழ்வன எவை எனப் பிரித்தறிவது நோயறிதலுக்கும் தொழிலாளர் இழப்பீட்டிற்கும் இன்றியமையாததாகும்.

ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் குருதிநீரில் உள்ளது என்பதை 1921இல் பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் ஆகியோர் நிறுவினர். மீன் ஒவ்வாத கூஸ்ட்னரின் குருதிநீர் பிராஸ்னிட்சின் தோலில் செலுத்தப்பட்டது. மறுநாள் அதே இடத்தில் மீன்சாறு செலுத்தப்பட்டபோது தடிப்பு எழுந்தது. அப்பொருள் இன்னதென்பது ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் தெளிவாகவில்லை. இஷிசாகா இணையர் அமெரிக்காவிலும், ஜோஹான்சன், பென்னிச் ஆகியோர் சுவீடனிலும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ எனப் பெயரிடப்பட்டது.

முதன்முறை ஒவ்வாமையூக்கி உடலுள் புகும்போது வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. டி உதவிச் செல்களின் தூண்டுதலால் பி செல்கள் இவ்வெதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. குருதியில் இதன் ஆயுள் சில நாள்களே. மாஸ்ட் செல்களின் ஏற்பிகளில் பற்றிக்கொண்டாலோ வாரக்கணக்கில் நிலைக்கும். மீண்டும் அதே பொருள் வரும்போது அருகருகே உள்ள எதிர்ப்பொருள்களை அது பிணைக்கிறது. சில நிமிடங்களில் ஹிஸ்டமின் வெளிப்படுகிறது. நுண்குருதிக்குழல்கள் விரிந்து கசிய, மூச்சுக்குழல் தசைகள் சுருங்குகின்றன.

பஞ்சுத்தூசி நோயாகிய பிசினோசிஸ் இவ்வழியில் முதன்மையாக நிகழ்வதன்று. பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் அகநச்சு மூச்சுக்குழலில் ஏற்படுத்தும் அழற்சியே இதில் பெரும்பங்கு வகிப்பதாகக் கருதப்படுகிறது. வாரவிடுமுறைக்குப் பின் பணிக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சிறுக்கம் மிகுந்து, அடுத்தடுத்த நாள்களில் குறைவது தொடக்கநிலையில் இதன் அடையாளம். நூற்பாலைகளின் பஞ்சு சுத்திகரிப்புப் பிரிவுகளில் இது மிகுதி. நெசவில் ஒப்பீட்டளவில் குறைவு.

எனவே தோல் குத்தல் சோதனையில் எதிர்வினை இல்லாததைக் கொண்டு தறித் தொழிலாளியின் மூச்சுத்திணறலைத் தூசியோடு தொடர்பற்றது எனக் கருத இயலாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பிசினோசிஸ் தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது. மருத்துவக் குறிப்பில் 'ஒவ்வாமை' என்று மட்டும் எழுதப்படுமாயின், காரணம் பணியிடத்திலிருந்து தொழிலாளியின் உடல்வாகிற்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. வீட்டுத் தூசி உண்ணிக்கு எதிரான எதிர்ப்பொருளும் பிசினோசிசும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும் என்பதால், சோதனை முடிவோடு வாரநாள் வாரியான அறிகுறிப் பதிவும் தேவைப்படுகிறது.