டப்பா மேல் ஒட்டும் காகிதத்தில் இருக்கிறது வில்லங்கம்!

கடையில் வாங்கிய பட்டன் காளான் டப்பாவில் 800 கிராம் என்று போட்டிருக்கிறது. வீட்டில் திறந்து உப்புத் தண்ணீரை வடித்தால் காளான் பாதிதான் தேறுகிறது. ஏமாற்று வேலையோ என்று அவசரப்பட வேண்டாம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், 'வடித்த எடை' தனியாக அச்சாகியிருக்க வேண்டும். இப்படித் தண்ணீரிலோ சர்க்கரைப்பாகிலோ அடைத்து விற்கும் உணவுக்கு, நிகர எடையோடு வடித்த எடையும் போட வேண்டும் என்பது விதி. அந்த வரி இல்லையென்றால், உள்ளே இருப்பது முதல்தரக் காளானாக இருந்தாலும் அது 'தப்புக்குறியீடு' என்ற குற்றம்.

முன்பெல்லாம் ஜாம், ஊறுகாய், பழக்கூழ் டப்பாக்களில் 'எஃப்.பி.ஓ.' முத்திரை இருக்கும். அது 1955-ம் ஆண்டு பழப்பொருள் ஆணையின்படி வந்தது. 2006-ம் ஆண்டின் உணவு பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தபின், அந்த இடத்தை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும் பிடித்துக்கொண்டன. சிறு உற்பத்தியாளருக்குப் பதிவு, பெரியவர்களுக்கு உரிமம். எண் இருவருக்கும் கட்டாயம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மகளிர் குழு மாம்பழ ஜாம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழம் சொந்தத் தோட்டத்துப் பழம், கலப்படம் கிடையாது. லேபிளில் பெயர், விலை, ஒரு மாம்பழப் படம். அவ்வளவுதான். பேட்ச் எண் இல்லை, தயாரித்த தேதியும் காலாவதி தேதியும் இல்லை, சேர்மானப் பட்டியல் இல்லை, சைவத்துக்கான பச்சைப் புள்ளி இல்லை. போதாததற்கு எல்லாமே தமிழில் மட்டும். லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்கிறது விதி. வாங்குபவர் தமிழ் மட்டும் படிப்பவராக இருந்தாலும் இதுதான் நிலை. நியாயமா என்பது வேறு கேள்வி. அச்சடிக்கும் முன் தெரிந்திருந்தால் செலவு மிச்சம்.

தப்புக்குறியீட்டுக்கு அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். தரம் குறைவு என்றால் 5 லட்சம் வரை. தமிழ்நாட்டில் இதை விசாரித்துத் தீர்ப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். லாபம் எவ்வளவு, தெரிந்து செய்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா என்பதையெல்லாம் அவர் பார்த்தாக வேண்டும். அதனால் முதல் நோட்டீஸ் வந்ததுமே பதில் கொடுத்துத் திருத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அதிகாரி மாதிரி எடுக்க வந்தால் பயந்து ஒதுங்க வேண்டாம். எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். எடுத்த பொருளுக்கு விலையும் தர வேண்டும். மாதிரி நான்கு பாகமாகச் சீல் வைக்கப்படும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு. நான்காவதுதான் முக்கியம். அதை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி உற்பத்தியாளர் கேட்கலாம். பலர் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆய்வறிக்கை பாதகமாக வந்தால், கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். நாள் தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

டப்பா தயாரிக்காத மா விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரா கூழை அடைத்து அல்போன்சா என்று லேபிள் ஒட்டினால் அதுவும் தப்புக்குறியீடுதான். அடிபடுவது அல்போன்சா வளர்த்தவரின் விலை. பெரும்பாலான பழங்களில், குடிக்கத் தயாரான பழபானம் என்று விற்க 10 சதவீதமாவது பழச்சாறு வேண்டும். அந்த அளவு குறைந்தால் ஆலை வாங்கும் பழமும் குறையும்.

சந்தேகம் வந்தால் வாங்கும் எவரும் கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். சட்டத்தின் 40-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. பரிசோதிக்கப் போவதாக, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிப்படி இல்லை என்று அறிக்கை வந்தால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.