காந்தளும் தாழையும்

ஐப்பசி மழை விழுந்ததும் செங்கல்பட்டுக் குன்றுகளின் புதர்க்காட்டில் செங்காந்தள் தலைகாட்டத் தொடங்கும். கிழக்கே மாமல்லபுரம் கடற்கரை மணல்மேட்டுக்கு உரியது தாழை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இரண்டுமே உண்டு. பார்வைக்கு ஒட்டும் உறவும் இல்லாத இவை ஒருவித்திலைத் தாவரங்கள்; நெல், பனை, தென்னை வகையறா.

இந்த வகையறாவுக்கு ஒரு குறை. வேம்பைப் போல ஆண்டுதோறும் தண்டைப் பருக்கவைக்கும் திசு இவற்றுக்குக் கிடையாது. பிறகு எப்படி நிமிர்வது? காந்தள் தன் இலை நுனியையே சுருட்டி, பக்கத்துப் புதரைப் பற்றி ஏறுகிறது. தாழை தண்டிலிருந்து வேர்களை இறக்கி மணலில் கால் ஊன்றுகிறது. காற்றில் ஓடும் மணலையும் அந்த வேர்களே பிடித்துவைக்கின்றன. எவ்வளவு அழகான இரண்டு விடைகள்!

பூவிலும் அப்படித்தான். காந்தளின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி வெளியே நீள்வதால், அதே பூவின் மகரந்தம் அதில் எளிதில் படாது. தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மணக்கும் தாழம்பூ ஆண் மரத்துடையது. பெண் மரத்தில் அன்னாசி போன்ற காய்.

காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து வளர்வதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அதைக் கவலை குறைந்த இனமாகவே வைத்திருக்கிறது. தாழையும் பல நாட்டுக் கரைகளில் வளர்வதுதான். ஆனால் உலகக் கணக்கு நம் ஊர்க் கணக்கைச் சொல்லாது. காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்ச்சிசின் மருந்துக்காக, திண்டுக்கல், திருப்பூர் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். நடுவதற்குக் காட்டுக் கிழங்கைத் தோண்டினால் அந்த இடத்தில் கொடியே போய்விடும்; விதையிலிருந்து வந்து பூக்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும்.

தாழையை யாரும் தோண்ட வேண்டியதில்லை. மணல்மேட்டைச் சமன்செய்தாலே போதும். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைச் சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளில் சேர்த்திருக்கிறது. சட்டம் காப்பது மேட்டை. மேடு போனால் தாழைக்கு வேறு காவல் இல்லை. காந்தளுக்கு வயலாவது இருக்கிறது. அதனால் இந்தக் கரையில் முதலில் கவலைப்பட வேண்டியது தாழைக்காகத்தான் என்பேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை வாங்கியவர்களே, தாழைப் புதரை அழித்துக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பாதீர்கள். காந்தள் வளர்க்க ஆசைப்படுபவர்கள் பயிரிடுவோரிடம் கிழங்கு வாங்குங்கள். கிழங்கு கொடிய நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் நடுங்கள்.