மேட்டில் மட்டும் திறக்கும் விரிசல்

மாருதி ஸ்விஃப்ட், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ. வெளியே வேறு வேறு வண்டிகள். இவற்றின் பல டீசல் ரகங்களில் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின்தான். கார் பித்தர்கள் அதற்கு ‘தேசிய எஞ்சின்’ என்றே பட்டம் கொடுத்திருந்தார்கள். 2020இல் மாருதி டீசலைக் கைவிட்டது. பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வயதான டர்போ வண்டி எதுவானாலும் ஒரு புகார் அடிக்கடி காதில் விழும்: “வாசல்ல ஸ்டார்ட் பண்ணா ஜோரா இருக்கு. மேடு ஏறினாத்தான் இழுக்க மாட்டேங்குது.”

இதில் முரண் ஏதும் இல்லை. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். கிட்டத்தட்ட 10,000 லிட்டர். சின்ன எஞ்சின் தன் மூச்சில் இழுக்கும் காற்று மேட்டுக்குப் போதாது. அதனால்தான் டர்போ. வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் புதுக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இலேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. சிறிய டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். நான்கு சென்டிமீட்டர் சக்கரம் அந்த வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 400 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஒலியே 340 மீட்டர்தான்!

இவ்வளவு பாடுபட்டு அழுத்திய காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போவது ரப்பர் ஹோஸ்களில். பத்து வருடச் சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கிறது. ஐடிலிங்கில் ஹோஸுக்குள் அழுத்தம் ஏறாது, விரிசல் மூடியே கிடக்கும். மேட்டில் அந்த அழுத்தம் (பூஸ்ட்) ஏறியதும் அது வாயைத் திறக்கிறது. ஏர் ஃபில்டரை ஒட்டிய சென்சார் காற்றை முன்பே அளந்துவிட்டதால், அந்தக் கணக்குக்கே டீசல் பாய்கிறது. காற்றோ பாதி வழியில் ஓடிவிட்டது. மிச்சம் கரும்புகை. கூடவே “உஸ்” என்று ஒரு சீறல். உடனே டர்போவையே மாற்றச் சொல்பவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம்.

எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸ்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஆயில் கசிந்து புழுதி அப்பிய கறுப்புத் திட்டு இருந்தால், காற்று ஓடும் இடம் பெரும்பாலும் அதுதான். தெரியவில்லையா? டர்போ பக்கம் ஹோஸைக் கழற்றி, வால்வு பதித்த ரப்பர் அடைப்பானை மாட்டி, டயர் பம்பால் காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். டயருக்கு 30 பிஎஸ்ஐ என்றால் இதற்குப் பாதி போதும். எஞ்சின் வழியாகவும் கொஞ்சம் காற்று போகும், விடாமல் அடிக்க வேண்டும். நுரை பொங்கும் இடத்தில் குற்றவாளி. சில சமயம் தளர்ந்த கிளாம்ப்தான். ஒரு ஸ்க்ரூடிரைவரோடு தீர்ந்தது.

ஹோஸுக்குள் லேசாக ஆயில் பூசியிருப்பது இயல்பு. பயப்பட வேண்டியது தண்டைப் பார்த்து. ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டை இரு விரலால் பிடித்து அசையுங்கள். தண்டு ஓடுவது ஆயில் படலத்தின் மேல் என்பதால், நின்றிருக்கும்போது பக்கவாட்டில் சற்று ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் அசைந்தாலோ, இதழ்கள் கூட்டில் உரசிய தடம் தெரிந்தாலோ வண்டியை எடுக்கவே கூடாது. சீல் போய் ஆயில் காற்றோடு கலந்தால் டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக்கிக்கொள்ளும். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் கத்திக்கொண்டு வேகமெடுக்கும். அப்படி ஆனால் ஒரு வழி: டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுந்த மிதித்து, கிளட்ச்சை விட்டுவிடுவது.