மலைச் சரக்குக்கு ஒரு முகம்: இணையதளமும் நம் கடைவாசல்தான்



கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மிளகும், காப்பிக் கொட்டையும், பலாவும், வாழையும், சாமையும் அடிவாரம் வந்து சேர்கின்றன. மலையில் விளைந்த வரைக்கும் அதற்கு ஒரு பெயர் உண்டு. மண்டியில் மூட்டை பிரித்ததும் அந்தப் பெயர் போய்விடுகிறது. மிளகு வெறும் மிளகாகிறது. மறுபுறம், 'கொல்லிமலைத் தேன்', 'கொல்லிமலை மிளகு' என்று பையில் அச்சடிப்பதோ எவருக்கும் எளிது. நேராக மலையில் கொள்முதல் செய்து நியாயமாக விற்கும் நம் மளிகைக்கடைக்காரருக்கு இதில் இரட்டை நஷ்டம்.

பெயரோடு விற்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மலையிலேயே பாடம் இருக்கிறது. ஆலைக்குப் போகும் மரவள்ளிக்கிழங்கு பரவியதால் சாமை, தினை, கேழ்வரகு சாகுபடி அங்கே சுருங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்குள்ள மலையாளி பழங்குடி விவசாயிகளோடு இணைந்து வேலை செய்தது. உமி நீக்கவும் மாவாக்கவும் இயந்திரங்கள் வந்தன. மகளிர் குழுக்கள் தானியத்தைச் சுத்தம் செய்து, பொட்டலம் கட்டி, லேபிள் ஒட்டிச் சமவெளிக்கு அனுப்பின. மூட்டையாகப் போன சரக்கு, முகவரியுள்ள சரக்காயிற்று. ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கேட்டு வாங்குவோர் இன்னும் பெருகினர்.

அந்த லேபிள் செய்த வேலையை இன்று இணையதளம் செய்ய வேண்டியிருக்கிறது. "எங்களுக்கும் ஒரு வெப்சைட் உண்டு" என்று சொல்லும் வணிகர்கள் பலர். திறந்து பார்த்தால் மின்னும் எழுத்து, ஓடும் வரி, ஏழெட்டு வண்ணம், எங்கிருந்தோ எடுத்த படம்! கடைவாசலில் மூட்டைகளைக் குறுக்கே போட்டு வைத்தால் வாடிக்கையாளர் உள்ளே வருவாரா? இதுவும் அப்படித்தான். வடிவமைப்பு என்பது அலங்காரமன்று. வந்தவரைத் தடையில்லாமல் கல்லா வரை அழைத்து வருவது.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. எழுத்து. தமிழை யூனிகோடு எழுத்தாகவே போடச் சொல்லுங்கள். பெயரையும் விலையையும் படமாகச் செய்து ஒட்டினால், 'சாமை அரிசி' என்று தேடுகிறவர் கண்ணில் நம் கடை படுவது அரிது. இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன் போன்ற எழுத்துருக்களே போதும். ஒரு தளத்துக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். பொடியாகப் போட்டால் ழகரமும் ளகரமும் குழம்பும். வரிகளுக்கு இடையிலும் தாராளமாக இடம் விடுங்கள்.

2. வண்ணம். கடைப் பெயர்ப்பலகையில் உள்ள வண்ணமே பையிலும் பில்லிலும் தளத்திலும் இருக்கட்டும். மஞ்சள் மீது வெள்ளை எழுத்து வெயிலில் செல்போன் பார்ப்பவருக்குத் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலகளாவிய இணைய அமைப்பின் அளவுகோல். தளம் அமைப்பவரிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

3. படம். நம் சரக்கை நாமே படம் எடுக்க வேண்டும். உமி நீக்கிய சாமையும் வரகும் குதிரைவாலியும் பலருக்கு ஒன்றுபோலவே தெரியும். காலை வெளிச்சத்தில், கருநிறத் துணி மேல் ஒரு கைப்பிடி பரப்பி, கிட்டத்தில் எடுங்கள்; படத்தின் கீழே பெயரை எழுதுங்கள். இரவல் படத்தைப் போட்டு வேறு சரக்கை அனுப்பினால், அந்த வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். படத்தின் அளவையும் சுருக்கிவிடுங்கள். சிக்னல் குறைந்த ஊரில் பெரிய படம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

4. வரிசை. பெரும்பாலோர் பார்ப்பது செல்போனில்தான். சரக்கின் பெயர், எடை, விலை, வாங்கும் பொத்தான், தொலைபேசி எண் ஆகியவை முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். நிறுவனர் படமும் சங்க விருதும் பின்னால் வரட்டும்.

5. ஊர். 'கொல்லிமலை' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தச் சிற்றூர், யாரிடம் கொள்முதல், எந்த மாத அறுவடை என்று இரண்டு வரி சேருங்கள். பெயரை இரவல் வாங்கி விற்பவரால் அதைச் சொல்ல முடியாது. நமக்கு உள்ள பலமே அதுதான்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகளில் 2017-ல் செய்த திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி இணையத்தில் விற்கும்போதும் தயாரிப்பாளர் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவற்றைத் திரையில் காட்ட வேண்டும். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். இவற்றை ஒரு மூலையில் ஒளிக்காமல் தெளிவான கட்டமாக அமைத்தால் விதிக்கும் பொருந்தும், நம்பிக்கையும் வளரும்.

தளம் முடிந்ததும் வெளியிட அவசரப்பட வேண்டாம். கடைக்கு வரும் வயதான வாடிக்கையாளர் ஒருவரிடம் செல்போனைக் கொடுத்து, "கால் கிலோ மிளகு வாங்கிப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே திருத்துங்கள். பிறகு மாதம் ஒருமுறை விலையைச் சரிபாருங்கள். தீர்ந்த சரக்கை 'இருப்பு இல்லை' என்று குறியுங்கள். பழைய விலை தொங்கும் தளம், பூட்டிய கடைக்குச் சமம்.

பெரிய நிறுவனங்களிடம் பணமும் விளம்பரமும் இருக்கலாம். எந்த மலை, எந்த ஊர், எந்த விவசாயி என்று தெரிந்து விற்பவர்கள் நாம். அதைத் தெளிவான எழுத்திலும் உண்மையான படத்திலும் காட்டினால், மலைச் சரக்கு தன் பெயரோடு விற்கும். விளைவித்தவருக்கும் விற்றவருக்கும் உரிய விலை கிடைக்கும்.