பொத்தான், ஸ்பூன், பென்சில்: ஆக்குபேஷனல் தெரபியில் பெற்றோர் எதை எதிர்பார்க்கலாம்?

ஒரு பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. இன்னொரு பிள்ளை, பிசைந்த சோறு விரலில் ஒட்டினாலே அலறுகிறது. மற்றொன்றுக்கு நோட்டில் இரண்டு வரி எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. குழந்தைகள் நல மருத்துவர் சீட்டில் ‘ஓ.டி.’ என்று எழுதிக் கொடுக்கிறார். மின்சார வைத்தியமா, எண்ணெய் மசாஜா, பேச்சுப் பயிற்சியா என்று தெரியாமலேயே பல குடும்பங்கள் ஆக்குபேஷனல் தெரபி அறையின் வாசலுக்கு வந்து உட்காருகின்றன.

ஒரு குழந்தை அந்தந்த வயதில் தானாகச் செய்ய வேண்டியவை சில உண்டு: சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது, கழிப்பறை போவது, விளையாடுவது, எழுதுவது. இவற்றில் எது தடைப்படுகிறது, ஏன் தடைப்படுகிறது என்று பார்த்து வழி செய்வதே ஓ.டி. உடலின் அசைவையும் வலுவையும் நடையையும் இயன்முறை சிகிச்சையாளர் பார்க்கிறார் என்றால், அந்த உடலை வைத்துக்கொண்டு பிள்ளை அன்றாடத்தில் என்ன செய்கிறது என்று ஓ.டி. சிகிச்சையாளர் பார்க்கிறார். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், கற்றல் குறைபாடு, குறைமாதப் பிறப்பு எனப் பல காரணங்களுக்காகக் குழந்தைகள் இங்கே அனுப்பப்படுகிறார்கள்.

முதல் சந்திப்பில் சிகிச்சையைவிடக் கேள்விகள்தான் அதிகம் இருக்கும். பிரசவம் எப்படி நடந்தது, பிறந்ததும் அழுததா, கழுத்து நின்றது எப்போது, எதைச் சாப்பிடும், எதைத் துப்பும், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பிள்ளையைப் பாயில் விட்டு விளையாட வைத்துக் கவனிப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும் தாத்தாவுக்கு, ‘சும்மா விளையாட விடுறதுக்கா இவ்வளவு காசு?’ என்றுகூடத் தோன்றலாம். ஆனால் பந்தை எந்தக் கையால் எடுக்கிறது, ஒரு கை வேலை செய்யும்போது மறு கை என்ன செய்கிறது, விழுந்தால் கையை ஊன்றுகிறதா என்பதெல்லாம் அந்த விளையாட்டில்தான் தெரியவரும். மதிப்பீடு முடிய இரண்டு மூன்று சந்திப்புகள்கூட ஆகலாம். அதற்குள் அவசரப்பட வேண்டாம்.

மதிப்பீடு முடிந்ததும் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எழுதப்பட்ட இலக்கு. ‘கை வலுவாகும்’, ‘கவனம் கூடும்’ என்பதெல்லாம் இலக்கு ஆகாது. ‘மூன்று மாதத்தில் ஸ்பூனால் பாதிச் சாப்பாட்டைச் சிந்தாமல் தானே சாப்பிடுவாள்’ என்பது இலக்கு. அது நடந்ததா இல்லையா என்று பாட்டிகூடப் பார்த்துச் சொல்லிவிட முடியும். எந்த இலக்கு முதலில் என்பதையும் குடும்பமே சொல்ல வேண்டும். எழுத்து அப்புறம் வரட்டும், முதலில் கழிப்பறைக்குப் போகப் பழகினால் போதும் என்று ஒரு தாய் நினைத்தால், அதுதான் முதல் இலக்கு. அவள் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பொத்தான் போடக் கற்றுத்தருவதையே எடுத்துக்கொள்வோம். பெரிய பொத்தானும் தளர்ந்த துளையும் உள்ள பழைய சட்டையை எடுத்து, முதலில் மடியில் விரித்துப் பழக்குகிறார்கள். பொத்தானைப் பிடிப்பது, துளைக்கு நேராகக் கொண்டுவருவது, பாதி நுழைப்பது வரை பெரியவரே செய்துவிடுவார். மறுபக்கம் எட்டிப்பார்க்கும் பொத்தானைப் பிடித்து இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. முடித்த பெருமை பிள்ளைக்கே. அது கைவந்தபின் நுழைப்பதையும் பிள்ளையிடமே விடுவார்கள், பிறகு நேராகக் கொண்டுவருவதையும். கடைசிப் படியிலிருந்து முதல் படிக்கு வரும் இந்த முறையில், பிள்ளை ஒவ்வொரு தடவையும் வெற்றியில்தான் முடிக்கும். டவுசர் போடவும் காலுறை மாட்டவும் இதே வழிதான். வாரக்கணக்கில் ஆகும். ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடிக்கும் காலை நேரத்தில் இதை முயலாதீர்கள். மாலையில் உடை மாற்றும்போது செய்யுங்கள்.

வாரத்துக்கு இரண்டு செஷன், தலா முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை வீட்டிலும் பள்ளியிலும்தான் இருக்கிறது. அயோனா நோவாக் தலைமையிலான ஆய்வாளர்கள் 2013-ல் மூளை முடக்குவாதத்துக்கான சிகிச்சைகளை அலசி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகை பிரித்தார்கள். பலனுக்கு நல்ல சான்று உள்ளவை பச்சை. அதில் இடம்பெற்றவற்றில் முறையாகக் கற்றுத்தரப்பட்ட வீட்டுப் பயிற்சியும் உண்டு, குறிப்பிட்ட இலக்கையே திரும்பத் திரும்பச் செய்து பழகுவதும் உண்டு. ஒரு பக்கக் கை மட்டும் பலவீனமான பிள்ளைக்கு, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுப் பலவீனமான கையை விளையாட்டில் இறக்கும் முறையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஆகவே, அம்மாவை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நேரம் முடிந்ததும் பிள்ளையைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அம்மாவைக் கண்டால் பிள்ளை அழுகிறது, ஒத்துழைப்பதில்லை என்பார்கள். சில நாட்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் கடைசிப் பத்து நிமிடமாவது உள்ளே அழைத்து, இன்று செய்ததைக் காட்டி, வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். இதற்குத் தனிச் சாமான்கள் தேவையில்லை. பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, துணிக் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது எல்லாமே விரலுக்கு வேலைதான். பிடிக்க முடியாத ஸ்பூனின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பல பிள்ளைகளுக்குப் பிடி கிடைத்துவிடும்.

உணவூட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மடியில் மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்துச் சோறு ஊட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். சீக்கிரம் இறங்கிவிடும் என்ற நினைப்பு. ஆனால் அந்த நிலையில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு அதிகம். அடிக்கடி சளி, நிமோனியா என்று மருத்துவமனைக்கு அலைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதுகு நிமிர்ந்து, முகவாய் லேசாகத் தாழ்ந்து, பாதம் எதன்மீதாவது ஊன்றியிருக்கும்படி உட்கார வைப்பது எப்படி என்று தெரபிஸ்ட் காட்டித் தருவார். சாப்பிடும்போது இருமல், புரையேறல், மூச்சுத் திணறல் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி, தெரபி அறைகளில் காணும் ஊஞ்சல், பெரிய பந்து, பிரஷ் தேய்த்தல், கனமான மேலங்கி. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் வகுத்த ‘சென்சரி இன்டகிரேஷன்’ (புலன் ஒருங்கிணைப்பு) கருத்திலிருந்தும் அதையொட்டியும் வந்தவை இவை. சில பிள்ளைகள் ஊஞ்சலாடியபின் அமைதியடைவதும் வேலையில் உட்காருவதும் உண்மைதான். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-ல் வெளியிட்ட அறிக்கை, இதன் பலனுக்கான ஆய்வுச் சான்றுகள் குறைவு என்பதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லச் சொன்னது. பலன் தெரிகிறதா என்று குறித்த காலத்தில் பார்க்கவும் சொன்னது. எனவே ஊஞ்சல் இருக்கட்டும். அதனால் வீட்டில் எது மாறியிருக்கிறது என்று மூன்று மாதத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். ‘ஆறு மாத பேக்கேஜில் ஆட்டிசம் குணமாகும்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஓ.டி. நோயைக் குணமாக்குவதில்லை. பிள்ளை தானே செய்யும் காரியங்களைக் கூட்டுகிறது. சில பிள்ளைகளுக்கு அந்த மாற்றம் பெரிது, சிலருக்கு மெதுவானது, சிலருக்குச் சக்கர நாற்காலியும் தகுந்த மேசையும் கிடைப்பதே பெரிய மாற்றம்.

சிகிச்சை தருபவர் யார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். இந்தியாவில் இந்தப் படிப்புக்கான முதல் பள்ளியை மும்பையில் 1950-ல் கமலா நிம்ப்கர் தொடங்கினார். இன்று பி.ஓ.டி. என்பது பயிற்சிக் காலத்தோடு நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட பட்டப்படிப்பு. குறுகிய காலச் சான்றிதழ் வைத்துக்கொண்டு தெரபிஸ்ட் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். பட்டம் எது, எங்கே படித்தது என்று கேட்பது அவமரியாதை அல்ல.

தனியார் மையங்களின் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சிகிச்சை இலவசம். பெரிய நிறுவனம் வேண்டுமென்றால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிச் சென்று சிகிச்சை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவும் குறிப்பிட்ட வரம்புக்குள் அதில் அடங்கும்.

‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான், எல்லாம் சரியாயிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனாலும் சந்தேகம் வந்த மாதமே பிள்ளையைக் காட்டுங்கள். ஊனச் சான்றிதழ் உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் தேவைப்படும். சிகிச்சை தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.