மாத்திரை பாதியில் நிற்கக் கூடாது

மீனவ ஊரான கடியப்பட்டணத்து ஆண்கள் முட்டத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஆழ்கடலுக்குக் கிளம்பினால் கரை காண நாள் கணக்காகும். சில படகுகள் மாதம் தாண்டியும் திரும்பும். டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர் எல்லாவற்றையும் அளந்துதான் ஏற்றுவார்கள். மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கும் அந்தக் கணக்கு வேண்டும். படகு தாமதமானாலும் போதும்படி ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, நனையாத டப்பாவில் எடுத்துப் போக வேண்டும்.

எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுஆக்சிடின் போன்றவை போட்டவுடன் கேட்கும் மருந்துகள் அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு முன்பே குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு, படபடப்பு எல்லாம் வந்துவிடலாம். "நமக்கு ஒத்துவரல்ல" என்று நிறுத்தத் தோன்றுவது அப்போதுதான். இரண்டு மாதத்தில் மனம் தெளிந்ததும் "இனி எதுக்கு?" என்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரும்படிதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் சோர்வு திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

சட்டென்று நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். வீட்டில் இருப்பவர் படுத்துச் சமாளிப்பார். நடுக்கடலில் படகோரம் நின்று வலை இழுப்பவருக்கு ஒரு தலைசுற்றல் போதும். அதனால்தான் மருந்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், அதையும் மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதற்குத் தோதான சமயம். ஆள் கரையில் இருப்பார். மருந்தை நிறுத்தும் காலம் நெருங்கியவர் மருத்துவரிடம் இதை எடுத்துச் சொல்லலாம். புதிதாகத் தொடங்குகிறவரும் முதல் சில வாரம் கரையில் இருப்பது நல்லது.

தோளும் இடுப்பும் நொந்து வருபவர் கைக்குக் கிடைத்த வலி மாத்திரையைப் போடுவது வழக்கம். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடும். டிராமடால் இன்னும் மோசம்: நடுக்கம், காய்ச்சல், வியர்வை, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மதுவும் வேண்டாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சாகும் எண்ணம் தலைதூக்கலாம். வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், மாத்திரையைப் பொறுப்பான ஒருவர் வைத்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பம் தரித்த பெண்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2017 நவம்பரில் வந்த ஒக்கிப் புயல் எத்தனையோ வீடுகளின் ஆண்களைக் கொண்டுபோன கரை இது. தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்ணுக்கு அடுத்த வீட்டுக்காரி தன் மாத்திரையில் ரெண்டு கொடுப்பது அன்பினால்தான். ஆனால் ஒருவருக்கு எழுதிய மருந்து இன்னொருவருக்குக் கேடாகலாம். மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோயுள்ளவருக்கு, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நோய் மூளலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் இதை விற்கவே கூடாது. இவை 'எச்' அட்டவணை மருந்துகள்.

சீட்டு வாங்க நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலுள்ள அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. "ஸ்டாக் இல்லை" என்றால் மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குபவருக்கு 23-ஆம் பிரிவு: உங்கள் நோய் விவரத்தை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருபவரின் கடமை. மனநோய் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு உள்ளதுபோலவே காப்பீடு தர வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் மருத்துவரிடம் சொல்வதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். மனம் தாங்காத நேரத்தில் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.