ஒன்பது மூன்றாகத் தோன்றினால்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வானொலி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது திருச்சிராப்பள்ளி நிலையமே. அதன் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். பழக்கமான இவ்வெண், பழுதறியும் கருவியாகவும் பயன்படும் என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்கள், ஒரே பெட்டியின் வழியே பேசவும் கேட்கவும் செய்வர். நடுவண் அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்க்கே பேசும் உரிமை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினர் இத்தகைய பெட்டிகளைக் கொண்டே தீவுகளின் நிலையை வெளியுலகுக்கு அறிவித்தனர். அத்தகைய பெட்டியில் அலையெண்ணைக் காட்டும் திரை பழுதுபட்டால் என் செய்வது?

அண்மையில் பெரம்பலூர்ப் பெரியவர் ஒருவர், திரை கெட்டதென்று தம் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப இருந்தார். திருச்சி நிலையத்தைச் செவியால் தேடிப் பிடித்தோம். ஒலி தெளிவாக இருந்தது. திரையோ 336 என்றது! ஒவ்வோர் இலக்கமும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. ஒன்பதில் இடப்புற மேற்கோடு அணைந்தால் எஞ்சுவது மூன்றே. இதே குறை பத்தின் இடத்தில் நேர்ந்தால், 14.390 மெகாஹெர்ட்ஸ் 14.330 ஆகத் தோன்றும். நமக்கு உரிய எல்லையோ 14.350 வரைதான். எல்லை தாண்டினால் தாமே தடுக்கும் பெட்டிகளும் உண்டு. எல்லாப் பெட்டிகளும் அவ்வாறல்ல. ஆகவே திரை ஐயத்துக்கு இடமானால் கேட்கலாம், பேசுதல் ஆகாது. குமிழை மெல்லத் திருப்பி, ஒவ்வோர் இடத்திலும் எட்டு வருமாறு செய்து பார்த்தல் நலம். எட்டில் ஏழு கோடுகளும் எரிய வேண்டுமன்றோ!

நீர்மப் படிகத் திரைகள் பலவற்றில் கண்ணாடிக்கும் மின்பலகைக்கும் இடையே இரப்பர்ப் பட்டை ஒன்று இருக்கும். கரியும் இரப்பரும் வரிக்குதிரையின் கோடுகள்போல் மாறி மாறி அமைந்த அதன் வழியே மின்குறிப்புகள் செல்லும். புழுதி படிந்தாலோ திருகாணி தளர்ந்தாலோ கோடுகள் மறையும். சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் விளையும் எம் நாட்டில் புழுதிக்கா பஞ்சம்! முதலில் மின்னிணைப்பை நீக்குக. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் பட்டையையும் கண்ணாடி விளிம்பையும் மெல்லத் துடைத்து, உலர்ந்தபின் திருகாணிகளைச் சீராக முடுக்குக. பெட்ரோலும் தின்னரும் வேண்டா. கண்ணாடியினுள் கறுப்புத் திட்டுப் பரவியிருப்பின் துடைத்துப் பயனில்லை. வேறு கண்ணாடிதான் தேட வேண்டும்.

திரை குற்றமற்றதாக இருந்தும் பழியேற்பதுண்டு. 1980களில் வந்த கென்வுட் டி.எஸ்.440 பெட்டியில் எண்கள் மறைந்து புள்ளிகள் மட்டும் தோன்றுவது உலகறிந்த நோய். அலையெண்ணை உருவாக்கும் சுற்று நிலைதடுமாறியதை அப்புள்ளிகள் உணர்த்துகின்றன. அச்சுற்றின் உறுப்புகள் அசையாதிருக்க இட்ட பசை, நாளடைவில் மின்கசிவுக்கு வழியாகிவிடுகிறது. பசையைச் சுரண்டி நீக்கியதும் பல பெட்டிகள் உயிர்பெற்றுள்ளன. திரையை மாற்றியவர்களுக்குப் பணச் செலவுதான் மிச்சம்.

பெரியவரின் பெட்டிக்குப் பஞ்சும் ஒரு மாலைப்பொழுதும் போதுமாயின. மூடியை மாட்டித் திருச்சியை மீண்டும் பிடித்தோம். 936 என்றது திரை. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறையும் படித்தார்.